கருவாடு இல்லாத கும்பம்

எங்கள் தெருவில் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அப்படிப்பட்ட டாக்டர் இல்லை. எனக்கு ஊசி போடத் தெரியாது. தலைவலி என்று வந்து நிற்கிறவர்களிடம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு சரி. மீன்களுக்கு வரும் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள் நான். கள்ளிக்குப்பத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சிய அன்று, மாங்காட்டிலிருந்து வந்திருந்த என் அம்மா, பாத்திரம் இரவல் வாங்குகிற சாக்கில் நாலு வீட்டுப் படியேறி, என் பொண்ணு டாக்டரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எந்த டாக்டர் என்று அவள் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். கீழே காருக்கு உதிரி பாகம் அடிக்கிற பட்டறை, மேல் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். சால்மன், டிரவுட் என்று இரண்டு மீன்கள். இரண்டையும் குளிர் நாடுகளில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். அங்கே நோய் கண்ட மீனின் ஈரலிலிருந்தோ இதயத்திலிருந்தோ நகத்தளவு ஒரு துண்டை எடுத்து, வைரஸைச் சாகடிக்கிற திரவத்தில் ஊறப்போட்டு, சின்னக் குப்பியில் எங்களுக்கு அனுப்புவார்கள். அதிலிருக்கும் வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, இது எந்த வகை, எங்கேயிருந்து பிரிந்து வந்தது, எந்த மீனைக் கொல்லும் என்று நாங்கள் எழுதி அனுப்புவோம். இத்தனை வருஷத்தில் ஒரு சால்மனை நான் உயிரோடு பார்த்ததில்லை. யாராவது அது எப்படி இருக்கும் என்று கேட்டால், எல்லாரையும் போல போனில்தான் படம் தேடிக் காட்டுவேன்.

ஆனால் அந்த வைரஸ்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒன்று இருக்கிறது, சால்மன் பண்ணைக்குள் புகுந்தால் கூண்டு கூண்டாகக் காலி பண்ணிவிடும். அதுவே டிரவுட்டுக்குள் போனால், மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும், வைரஸ் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். சால்மனிலேயே அந்த வைரஸின் ஒரு வகை சாது. அதன் மேலே இருக்கிற ஒரு புரதத்தில் ஒரு சின்னத் துண்டு அறுந்துபோனால்தான் அது கொலைகாரனாகிறது. இன்னொரு வைரஸில் ஒரு கிளை டிரவுட்டோடு பழகிப் பழகி அதையேதான் கொல்லும். அதன் பங்காளிக் கிளைக்கு வேறொரு சால்மன்தான் வேண்டும், டிரவுட்டை அவ்வளவாகச் சீண்டாது. ஒரே குடும்பம், ஒரே தண்ணீர், இவ்வளவு வீம்பு. சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசினால் என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார். அதனால் இதையெல்லாம் கேட்க ஆள் கிடைக்காதா என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த ஏக்கம்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் தெரு முனையில், தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் காசிமேடு போய் ஷேர் ஆட்டோவில் மீனோடு திரும்பி, பலகை போட்டு, அரிவாள்மனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி, ஞாயிற்றுக்கிழமையானால் வஞ்சரம். ஓரமாக ஒரு கூடையில் கருவாடு. வாய் ரொம்ப நீளம். பேரம் பேசினால், போய் ஏரியில தூண்டில் போடு, காசே வாணாம் என்பார். அசந்தால் நேற்று மீனைத் தள்ளிவிடுகிற ஆசாமிதான். இருந்தாலும் அவரை விட்டால் இந்தப் பக்கத்தில் மீனுக்கு வேறு நாதியில்லை.

இந்த வேலையில் சேர்ந்த பிறகு நான் அவரிடம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பயம் எதுவும் கிடையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. மீனைத் தொட்ட கையோடு, மீன் நாறும் உடையோடு மாதிரிகள் இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. அங்கே இருக்கிற மெஷின் துளியூண்டு கலப்படத்தையும் பிடித்துவிடும், பிடித்தால் முதலிலிருந்து எல்லா வேலையையும் செய்ய வேண்டும். காசிமேட்டு சங்கராவில் சால்மன் வைரஸ் எங்கிருந்து வரப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். விதி விதிதான் என்றார் மேலதிகாரி. குளித்து, உடை மாற்றி, நகம் தேய்த்துப் போகச் சோம்பல்பட்டு, வீட்டில் மீன் சமைப்பதையே விட்டுவிட்டேன். வறுத்த மீன் வேண்டுமென்றால் ஹோட்டலில் வாங்கிக்கொள்வோம். இதைத் தெருவில் யாரும் கவனிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கவனிக்காமல் இருப்பார்களா, டாக்டரம்மா ஆயிற்றே.

போன ஆடி மாதம் பிறந்த சமயம், வெயில் குறையாமல் கிடந்து திடீரென்று ஒரு மழை அடித்ததில், பக்கத்து ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீர் சூடாகி, சாக்கடையும் கலந்து, மூச்சுக்குக் காற்று போதாமல் செத்திருக்கும். வழக்கமாக நடப்பதுதான். ஆனால் யாரோ அதை வீடியோ எடுத்து, மீனுக்கு வைரஸ், உஷார் என்று எழுதி தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டார்கள். காலையில் ஏரி மீன் என்று கிளம்பிய சேதி சாயங்காலம் எல்லா மீனும் என்று ஆகியிருந்தது. வைரஸ்கூட சால்மன் வேறு, டிரவுட் வேறு என்று பார்க்கிறது. எங்கள் தெருவுக்கு ஏரிக் கெண்டையும் கடல் வஞ்சரமும் ஒன்றாகிவிட்டது.

தெருக்கோடியில் இருக்கும் அம்மனுக்கு ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். பகலில் எல்லாருக்கும் கூழ். பொழுது சாயும்போது அம்மன் முன்னால் வாழையிலையில் சோற்றைக் குவித்து, அதன்மேல் கருவாட்டுக் குழம்பு ஊற்றி, முருங்கைக்கீரை வைத்துப் படைப்பார்கள். அதற்குக் கும்பம் என்று பெயர். அந்தக் குழம்புக்குக் கருவாடு கொடுப்பது மீன்கார அக்கா. அவருடைய மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்ததாம். பிழைத்தால் வருஷா வருஷம் என் கையால் கருவாடு என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். மகள் பிழைத்து, வளர்ந்து, திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வேண்டுதல் மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை.

கூழ் ஊற்றுவதற்கு முந்தின வாரம் கோயிலில் கூட்டம். நானும் போயிருந்தேன். மைக் செட்டுக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவாட்டுப் பேச்சு வந்ததும் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். மீன்கார அக்கா பெண்களோடு ஓரமாக உட்கார்ந்து, இந்த வருசமும் நான்தான் தருவேன், வேண்டுதலு அது என்றார். அவருக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், டாக்டரம்மாவே மீன் வாங்கறதில்லையே என்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

கோயில் தலைவர், தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். "டாக்டரம்மா, நீங்கதான் அத்த படிச்சவங்க. மீன்ல இருக்கற வைரஸு மனுசனுக்கு வருமா, வராதா? ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது," என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

ஒரு வார்த்தைதான் கேட்டார். வராது என்று சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தோசை ஊற்றியிருப்பேன். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சால்மனிலிருந்து ஆரம்பித்தேன். டிரவுட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு வைரஸும் ஒவ்வொரு மீனைத் தேர்ந்தெடுக்கும் அழகைச் சொன்னேன். அது மாறிக்கொண்டே இருப்பதையும், புரதத்தில் ஒரு துண்டு அறுந்தால் சாது கொலைகாரனாவதையும் சொன்னேன். குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீனின் வைரஸுக்கு நம் உடம்புச் சூடு ஆகாது என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலையை ஒரு கூட்டம் உட்கார்ந்து கேட்கிறது. எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஏறிவிட்டது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

முன்வரிசையில் ஒருவர், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர், கையைத் தூக்கினார். "மேடம், வைரஸ் மாறிட்டே இருக்கும்னு நீங்களே சொன்னீங்க. சின்ன மாற்றம் வந்தாகூட சாது கொலைகாரனாகும்னு சொன்னீங்க. அப்ப நாளைக்கு மனுசனுக்கு வராதுன்னு எப்படிச் சொல்றது?"

நல்ல கேள்வி என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு, வருஷக்கணக்காக ஆய்வறிக்கைகளில் எழுதி எழுதிப் பழகிப்போன வாக்கியம் வாயிலிருந்து தானாக வந்தது. "இன்றைக்குத் தெரிந்தவரை வராது. ஆனால் ஒருக்காலும் வராது என்று எந்த விஞ்ஞானியும் சொல்ல மாட்டார்." சொல்லிவிட்டு, எவ்வளவு நேர்மையாகப் பேசினோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தலைவர் மைக்கை வாங்கினார். "அம்மாவே சொல்லிட்டாங்க. எதுக்கு வம்பு? இந்த வருசம் கீரையோடயே படைச்சிடலாம்," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மீன்கார அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். புடவையைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கருவாடு என்பது உப்புப் போட்டு வெயிலில் காயவைத்தது. அதைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைக்கிறோம். எந்த வைரஸ் அதில் பிழைத்துக் கிடக்கும்? குழம்பு கொதிக்குது, பயப்படாதீங்க என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்த யாருக்கும் புரிந்திருக்கும். நான் புரதத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். தலைவருக்குப் போன் பண்ணலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அப்ப சொன்னது தப்பான்னு கேப்பாரு, என்ன சொல்லுவ?" என்றார். தப்பில்லையே என்று இழுத்தேன். போன் பண்ணவில்லை.

கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கும்பம் போட்டார்கள். சோற்றுக் குவியல்மேல் முருங்கைக்கீரை மட்டும் பச்சையாகக் கிடந்தது. தலைவர் மைக்கில், தக்க சமயத்தில் எச்சரித்த நம்ம தெரு டாக்டரம்மாவுக்கு நன்றி என்றார். முன்னால் வரச் சொல்லி சால்வை வேறு போர்த்தினார்கள். மீன்கார அக்கா கூட்டத்தின் கடைசியில், கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றிருந்தார். பையில் என்ன என்று வாசனையே சொன்னது. கற்பூரம் காட்டி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் பையோடு திரும்பிப் போனார். எனக்குச் சால்வைக்குள் வேர்த்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். நாலு பேர் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நின்றேன்.

அதற்குள் கூட்டத்தில் நான் பேசியதை யாரோ போனில் பிடித்து, நீளமானதையெல்லாம் வெட்டி, கடைசி வாக்கியத்தை மட்டும் அனுப்பிவிட்டார்கள். அது ஆவடி, பூந்தமல்லி எல்லாம் சுற்றி மாங்காட்டில் அம்மாவிடம் போயிருக்கிறது. அம்மா எனக்கே அதை அனுப்பி, உன் கொரலு கணீர்னு கீதுடி, சொந்தத்துல எல்லாருக்கும் அனுப்பிட்டேன் என்று பேசி அனுப்பியிருந்தாள். நான் அவளிடம் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள். அவளுக்கு ஏன் என்றே புரியவில்லை.

சாமியே ஒதுக்கிய பிறகு சனங்கள் வாங்குவார்களா. தண்ணீர் தொட்டிப் பக்கம் ஈதான் மொய்த்தது. வேலைக்குப் போக நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். அந்த வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மீன்கார அக்கா. உள்ளே வாங்கக்கா என்றேன். வாசலிலேயே நின்றார்.

"இன்னாம்மா, நான் உனுக்கு இன்னா பண்ணேன்?"

"அக்கா, நான் வரும்னு சொல்லலக்கா. வராதுன்னுதான் சொன்னேன்."

"அத்த நானும் கேட்டுகினுதான் இருந்தேன். வராதுன்னு சொன்ன. அப்பால ஒரு ஆனால் போட்ட. ஜனங்க ஆனாலத்தான் தூக்கினு ஓடுது."

நான் சமாளிக்கப் பார்த்தேன். கருவாட்டைக் கொதிக்கவைத்தால் எந்தக் கிருமியும் சாகும் என்று அவரிடம் விளக்கினேன்.

"அத்த அன்னிக்கு மைக்ல சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தோணலக்கா என்றேன். அதுதான் உண்மை. படித்து முடித்து, பட்டம் வாங்கி, ஊர் பெயர் தெரியாத மீனுக்கெல்லாம் நோய் கண்டுபிடிக்கிறவளுக்கு, குழம்பு கொதிக்கும் என்பது தோன்றவில்லை. அவர் முன்னால் என் வீட்டு நிலைப்படியில் நான் கூனிக் குறுகி நின்றேன்.

அக்காவின் குரல் இறங்கியது. "எனுக்கு வேற தொழிலு தெரியாதும்மா. நீ ஒண்ணும் பேச வாணாம். ஞாயித்துக்கெழம காலைல கடையாண்ட வா. நாலு பேரு பாக்கறாப்பல ஒரு மீனு வாங்கினு போ. டாக்டரே வாங்கறாங்கன்னா அப்பால தானா வருவாங்க. செய்வியா?"

செய்கிறேன் என்றேன். இது மட்டுமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று மனதார நினைத்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு முனைக்கு ஆள் வருகிற நேரம் பார்த்துக் கிளம்பினேன். அக்கா எனக்காகவே நல்ல வஞ்சரம் எடுத்து வைத்திருந்தார். பால் வாங்க வந்தவர்கள், எதிர்ப்பக்கக் கறிக்கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அக்கா வேண்டுமென்றே சத்தமாக, வாம்மா, வா, எது வோணும் பாரு என்றார். நான் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. நல்ல மீன். மனசுக்குள் அதன் கண்ணையும் தோலையும்கூடச் சரிபார்த்துக்கொண்டேன், பழக்கம். புரட்டிப் பார்த்து, துண்டு போடச் சொல்லி, கொண்டுபோயிருந்த டப்பாவில் வாங்கி மூடியை அழுத்தினேன். அக்காவின் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

கறிக்கடை வரிசையிலிருந்து ஐடி கம்பெனிக்காரர் கேட்டார். "என்ன மேடம், டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

இல்லை, சாப்பிட என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறுநாள் திங்கட்கிழமை, மாதிரி அறையில் வேலை. மீனைத் தொடக்கூடாது என்று, கிளம்பும்போது யோசிக்காமலே ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, இறுக்கமாக மூடுகிற டப்பாவாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறேன். அந்தக் கையால்தான் செவுளைத் தூக்கியிருக்கிறேன். அந்தக் கையால்தான் புரட்டியிருக்கிறேன். தெரு முழுக்கப் பார்த்திருக்கிறது. ரிசல்ட் வந்தா குரூப்ல போடுங்க மேடம் என்று இன்னொருவர் சொன்னார். மீன் பலகைப் பக்கம் தயங்கித் தயங்கி வந்திருந்த ஒரு பெண், பையை மடித்துக்கொண்டு கறிக்கடைப் பக்கம் திரும்பினாள்.

நான் கவரைக் கழற்றிக் கசக்கினேன். வெறுங்கையால் ஒரு சங்கராவை எடுத்தேன், இதையும் குடுங்கக்கா என்றேன், சத்தமாக. என் குரலே எனக்கு நாடகமாகக் கேட்டது. இனி எதைச் செய்தாலும் அது சோதனைதான், நான் நின்றாலும் சோதனை, முகர்ந்தாலும் சோதனை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்கா என் கையிலிருந்த சங்கராவை வாங்கித் திரும்பப் பலகையில் வைத்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"போதும்மா. நான்தான் கூப்ட்டேன், என் தப்பு. இனிமே இந்தப் பக்கம் வராத."

நான் டப்பாவோடு நடந்தேன். நான் அங்கே இருந்த வரைக்கும் அவர் வாயைத் திறந்து ஒரு ஆளைக்கூடக் கூப்பிடவில்லை. நான் தெருவில் திரும்பி அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான், பின்னால் அவர் குரல் எழும்பியது. சங்கரா, வஞ்சரம், கானாங்கத்த.